மேடைக்கு அழைக்கப்படாத பிள்ளைகள்: எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுவினர் அனைவருக்கும்,

சென்ற வாரம் உறுப்பினர்களுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஜூன் மாத ஆண்டு விழாவில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளைப் பாராட்டும் நிகழ்ச்சிக்கு இந்த ஆண்டு ஒரு புது விதி வைத்திருக்கிறீர்கள். நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்கள் மட்டும் மேடைக்கு அழைக்கப்படுவார்கள். மற்றவர்களின் பெயர் விழா மலரில் வரும். நேரம் போதவில்லை என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். அதே சுற்றறிக்கையில் இரண்டு பத்தி தள்ளி, ஒரு கட்டணப் பயிலரங்குக்கு அழைப்பு இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் (பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தும் அரசுக் கல்லூரி) சேர்ந்து, ஒரே ஆண்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) வளாகங்களான பெர்க்லிக்கோ யூசிஎல்ஏவுக்கோ டிரான்ஸ்ஃபர் ஆவது, அதாவது மாறிப்போய்ப் படிப்பைத் தொடர்வது, எப்படி என்று ஒரு தனியார் ஆலோசகர் சொல்லித்தரப் போகிறாராம்.

இந்த இரண்டு அறிவிப்புக்கும் வேர் ஒன்றுதான். கம்யூனிட்டி காலேஜ் என்றால் வெளியே சொல்லக் கூசும் இடம். பிள்ளை அங்கே போக நேர்ந்துவிட்டால் நாலு பேருக்குத் தெரிவதற்குள் வெளியே இழுத்துவிட வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் நம் வீடுகள் பலவற்றிலும் இந்த எண்ணம் இருப்பது எனக்குத் தெரியும். அதற்குச் சங்கமே முத்திரை குத்திக் கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் உங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பல ஆண்டுகளாக வகுப்பு எடுப்பவள். என்னிடம் அ, ஆ எழுதிப் படித்த பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் இருக்கிறார்கள். என் மகன் இங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, இப்போது யூசி டேவிஸில் புள்ளியியல் படிக்கிறான். எனவே நான் சொல்வது கேள்விப்பட்ட சங்கதி இல்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். நம் பிள்ளைகள் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும்போதே கோடை விடுமுறையில் டி ஆன்சா, ஒலோனி, மிஷன் ஆகிய பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ்களில் வகுப்பு எடுக்கிறார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அது பளிச்சென்று தெரியும் என்று நாமே கொண்டுபோய் விடுகிறோம். "என் பொண்ணு பதினாறு வயசுலயே காலேஜ் கணக்கு படிக்கிறா" என்று பொங்கல் விழாவில் சொல்லிக்கொள்கிறோம். அதே காலேஜ், அதே ஆசிரியர், அதே பாடம். பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை அங்கே முழுநேரமாகச் சேர்ந்தால் மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. இது எந்த ஊர் நியாயம்?

இந்த மாநிலம் கம்யூனிட்டி காலேஜை, இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் திண்ணையாகக் கட்டவில்லை. 1960இல் கிளார்க் கெர் யூசியின் தலைவராக இருந்தபோது வகுக்கப்பட்ட உயர்கல்விப் பெருந்திட்டத்திலேயே இந்த வழி எழுதப்பட்டிருக்கிறது. பள்ளியில் முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்கு யூசி, முதல் மூன்றில் ஒரு பங்குக்குக் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், கம்யூனிட்டி காலேஜ் எல்லாருக்கும். அங்கே நன்றாகப் படித்து வருபவர்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே யூசியின் மேல்நிலை (மூன்றாம், நான்காம் ஆண்டு) வகுப்புகளில் மாணவர்கள் அதிகமாகவும் முதல் இரண்டு ஆண்டு வகுப்புகளில் குறைவாகவும் இருக்கும்படி விகிதம் வைத்தார்கள். இன்றும் புதிதாகச் சேரும் இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்பதுதான் யூசியின் இலக்கு. அப்படி டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறவர்கள். யூசிஎல்ஏ தன் முதலாண்டு விண்ணப்பதாரர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே இடம் தருகிறது. டிரான்ஸ்ஃபர் விண்ணப்பதாரர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தருகிறது. (கணினி அறிவியல் கேட்பவர்களுக்கு இது மிகவும் குறையும். அதையும் பெற்றோர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.)

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். டிரான்ஸ்ஃபருக்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். யூசியில் ஓர் ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டும் 14,000 டாலருக்கு மேல்.

ஸ்டீவ் வோஸ்னியாக் டி ஆன்சாவில் படித்துவிட்டுத்தான் பெர்க்லிக்குப் போனார். மனித மரபணு வரிசையைக் கண்டறிந்ததில் முன்நின்ற கிரெய்க் வென்டர், சான் மட்டேயோ காலேஜிலிருந்து யூசி சான் டியேகோவுக்குப் போனவர். நம்மில் பாதிப் பேர் இந்த இரண்டு காலேஜ் வாசலையும் தினமும் காரில் கடந்துதான் வேலைக்குப் போகிறோம்.

இனி அந்த ஒரே ஆண்டுப் பயிலரங்குக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கோபம் அதில்தான்.

ஒரே ஆண்டில் டிரான்ஸ்ஃபர் ஆனவர்கள் இல்லாமல் இல்லை. பள்ளியிலேயே நிறைய ஏ.பி. தேர்வுகளில் (பள்ளியில் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகள், மதிப்பெண் ஐந்து வரை) மூன்றும் அதற்கு மேலும் வாங்கி, கோடைகளில் காலேஜ் பாடங்களும் முடித்து, வரலாறோ சமூகவியலோ படிக்க விரும்பும் பிள்ளைக்கு அது நடக்கக்கூடியதுதான். ஆனால் நம் பெற்றோர்கள் கேட்பது கணினியும் பொறியியலும். அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள்.

யூசிக்கு 60 செமஸ்டர் யூனிட் வேண்டும், அதுவும் சேரப்போகும் இலையுதிர் பருவத்துக்கு முந்தைய வசந்தப் பருவம் முடிவதற்குள். ஒரு பருவத்தின் வழக்கமான சுமை 15 யூனிட். பெரும்பாலான காலேஜ்களில் 18ஐத் தாண்டினாலே தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பள்ளி முடித்த கோடையில் 9, இலையுதிரில் 18, ஜனவரி இடைப்பருவத்தில் ஒரு பாடம், வசந்தத்தில் 18 என்று மூச்சுவிடாமல் ஓடினாலும் 50ஐத் தொடுவதே கடினம். மிச்சம் முழுவதும் ஏ.பி. மதிப்பால் நிரம்ப வேண்டும்.

சரி, யூனிட் நிரம்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றனவே? முதல் கால்குலஸ் (நுண்கணிதம்) பாடம் முடிக்காமல் இரண்டாவது இல்லை. அது முடியாமல் மூன்றாவது இல்லை. பொறியியலுக்கான இயற்பியலும் அப்படித்தான், முதல் பாடம் இயக்கவியல், அது முடிந்த பிறகே மின்காந்தம். ஏ.பி. கால்குலஸில் ஐந்து வாங்கிய பிள்ளைகூட இயற்பியல் வரிசையை இரண்டு பருவத்துக்குள் அடைக்கத் திண்டாடும்.

இன்னொன்று. யூசி விண்ணப்பம் நவம்பர் கடைசியையொட்டி முடிந்துவிடும். ஒரே ஆண்டில் போக நினைக்கும் பிள்ளையின் கையில் அன்றைக்குக் கோடைப் பாடத்தின் மதிப்பெண்ணைத் தவிர காலேஜ் மதிப்பெண் என்று எதுவும் இருக்காது. ஜனவரியில் இலையுதிர் மதிப்பெண்ணைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். இரண்டு ஆண்டு படிக்கும் பிள்ளை அதே நவம்பரில் ஒரு முழு ஆண்டின் மதிப்பெண்ணோடு நிற்கும். பெர்க்லியில் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் இவர்களில் யாரை எடுப்பார்?

டிரான்ஸ்ஃபர் உத்தரவாதம் என்று ஓர் ஏற்பாடு இருப்பதையாவது அந்த ஆலோசகர் சொல்வாரா என்று தெரியவில்லை. அவருடைய துண்டறிக்கையில் அந்தச் சொல்லே இல்லை. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் ஏதாவது ஒன்றுக்குச் செப்டம்பர் மாதத்தில் விண்ணப்பிக்கலாம். குறிப்பிட்ட பாடங்களும் ஜி.பி.ஏ.வும் (சராசரி மதிப்பெண்) இருந்தால் இடம் உறுதி. போட்டி மிகுந்த சில படிப்புகளுக்கு மட்டும் கிடையாது. இதற்கு விண்ணப்பிக்கும்போதே 30 செமஸ்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். அவசரத்தில் ஓடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. அந்தத் துண்டறிக்கை டிரான்ஸ்ஃபருக்கான பொதுப் பாடத் தொகுப்பை இன்னும் ஐகெட்சி என்றே சொல்கிறது. 2025 இலையுதிரிலிருந்து புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு அதன் இடத்தில் கால்கெட்சி என்ற புதிய தொகுப்பு வந்துவிட்டது. காசு வாங்கிச் சொல்லித்தருகிறவர் இதையாவது சரிபார்த்திருக்க வேண்டாமா?

அவசரத்தின் விலை என்ன என்பதை என் தமிழ் வகுப்பில் படித்த ஒரு பையன் மூலம் நேரில் பார்த்தேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் அதிகம் சொல்லமாட்டேன். ஒரே ஆண்டில் பெர்க்லி என்று வீட்டில் முடிவு செய்து, தனி அனுமதி வாங்கி, முதல் பருவத்திலேயே தாங்க முடியாத அளவு பாடங்களைத் தலையில் ஏற்றினார்கள். இரண்டு பாடத்தை நடுவிலேயே விட்டான்; மதிப்பெண் பட்டியலில் விலகல் என்று பதிந்தது. கணக்கில் சி வந்தது. பெற்றோர் அதை மறுபடி எடுத்து ஏ ஆக்கிவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். முடியாது. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் சி வாங்கித் தேறிய பாடத்தை மதிப்பெண்ணை உயர்த்துவதற்காகத் திரும்ப எடுக்க விதி இடம் தருவதில்லை. அந்த சி அப்படியே நிற்கும். நிதானமாகப் படித்திருந்தால் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பான் என்று அவன் ஆசிரியரே சொன்னாராம். வீட்டுப்பாடத்தை முதல் ஆளாகக் கொண்டுவந்து மேசையில் வைக்கிற பையன் அவன்.

அவசரத்துக்கு உண்மையான காரணம் உள்ள குடும்பங்களும் நம்மிடையே உண்டு. பச்சை அட்டைக்காகப் பல ஆண்டு வரிசையில் நிற்கிறோம். பிள்ளைக்கு 21 வயதானதும் எச்-4 விசா (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து பிள்ளைக்குக் கிடைப்பது) முடிந்துவிடுகிறது. அந்தப் பெற்றோரின் தூக்கமில்லாத இரவுகளை நான் அறிவேன். அவர்களுக்கும் சரியான கணக்குதான் உதவும். பதினெட்டில் சேரும் பிள்ளை இரண்டு ஆண்டில் டிரான்ஸ்ஃபர் ஆனால் இருபது. ஓராண்டில் முடிக்கப் பார்த்து இடறினால் அது மூன்றாண்டாகிவிடும்.

உண்மையில் இரண்டு ஆண்டே பெரிய வேகம். மாநிலத் தணிக்கையாளர் 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 2017 முதல் 2019 வரை கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு படித்தவர்களில் நான்கு ஆண்டுக்குள் அதைச் செய்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், குடும்பத்தைத் தாங்குபவர்கள் என்று பலருக்குப் பல தடைகள். ஆனால் பெரிய தடை, எந்தப் பாடம் எங்கே செல்லும் என்ற குழப்பம். ஒவ்வொரு யூசி வளாகமும் ஒரே படிப்புக்கு வெவ்வேறு முன்பாடங்களைக் கேட்கிறது. 116 காலேஜ்களும் ஒரே பாடத்துக்கு வெவ்வேறு எண் வைத்திருந்தன. அதைச் சரிசெய்ய 2021இல் சட்டம் வந்து, 2025 இலையுதிரில்தான் முதல் சில பாடங்களுக்குப் பொது எண் வந்திருக்கிறது.

என் மகன் இரண்டு ஆண்டில் முடித்தது எப்படி என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் ரகசியமாக, வாகன நிறுத்தத்தில் நின்று. இதோ எல்லாருக்கும் சொல்கிறேன். முதல் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே எந்தக் காலேஜ் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு இணை என்று காட்டும் அசிஸ்ட் என்ற அதிகாரப்பூர்வ இணையதளத்தில், அவன் விரும்பிய மூன்று யூசி வளாகங்களின் பட்டியலையும் அச்செடுத்து எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பினான். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு இணையான அவன் காலேஜ் பாடம். மூன்றிலும் பொதுவாக வருபவற்றுக்குப் பச்சைக் கோடு. ஓரிடத்தில் வலப்பக்கம் இணையான பாடம் இல்லை என்று இருந்தது. அதற்குச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்து மாவட்டக் காலேஜில் அந்தப் பாடம் எந்தக் கோடையில் நடக்கிறது என்று தேடிப் பிடித்தான். ஒரு கணக்குப் பாடம் வசந்தத்தில் மட்டும் நடக்கும் என்பது தெரிந்ததால் மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்கினான். பிறகு அந்தத் தாளோடு காலேஜ் கவுன்சிலரிடம் போய் இரண்டு ஆண்டுக்கான திட்டம் எழுதி வாங்கினான். கவுன்சிலரைப் பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை. செப்டம்பரில் டேவிஸுக்கு உத்தரவாத விண்ணப்பம், நவம்பரில் பொது விண்ணப்பம், ஜனவரியில் மதிப்பெண் புதுப்பிப்பு. இவ்வளவுதான் ரகசியம். இதற்கு எதற்குக் கட்டணப் பயிலரங்கு?

இப்படித் திட்டமிட்டுப் படித்த பிள்ளைக்கு உங்கள் மேடையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அவன் பள்ளி முடித்த ஆண்டில் இந்த விதி இல்லை. எல்லாரையும் அழைத்தீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரும் சேரப்போகும் இடமும் ஒலிபெருக்கியில் வந்தது. பர்டூ, யூசி சான் டியேகோ, சான் ஹோசே ஸ்டேட் என்று வாசித்துக்கொண்டே வந்தவர், என் மகனின் முறை வந்தபோது பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். படிவத்தில் காலேஜ் பெயரை அவன் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தான். யாரும் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார்கள். அவனைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனால் சங்கடப்பட ஒன்றும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு அன்றைக்குத்தான் அது சங்கடமான விஷயம் என்று தெரியவந்தது. அடுத்த பொங்கலுக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. இப்போது அந்த வாசிப்பையும் எடுத்துவிட்டு மலரின் ஒரு மூலையில் பெயரைப் போடுகிறோம் என்கிறீர்கள்.

நேரம் போதவில்லை என்ற காரணத்தை நான் ஏற்கவில்லை. ஒரு பிள்ளையின் பெயரை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? விழாவில் புரவலர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் நேரத்தில் கொஞ்சம் குறைத்தாலே எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் வாசித்துவிடலாம்.

நான் கேட்பது இவைதான்.

இந்த ஆண்டுக்கான விதியைத் திரும்பப் பெறுங்கள். பள்ளி முடித்த எல்லாப் பிள்ளைகளையும் மேடைக்கு அழைத்து, பெயரோடு சேரும் இடத்தையும் சேர்த்து வாசியுங்கள், அது கம்யூனிட்டி காலேஜானாலும் தொழிற்பயிற்சியானாலும். ஒரு பிள்ளை தானாக வேண்டாம் என்றால் மட்டும் விட்டுவிடுங்கள். கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆனவர்களுக்கும் இந்த ஆண்டு முதல் அதே மேடையில் இடம் கொடுங்கள். இதுவரை அவர்களை யாரும் அழைத்ததே இல்லை.

ஒரே ஆண்டு டிரான்ஸ்ஃபர் பயிலரங்கைச் சங்கத்தின் பெயரில் நடத்தாதீர்கள். அந்த ஆலோசகர் தனியாக நடத்திக்கொள்ளட்டும், அது அவர் தொழில். சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலும் அரங்கமும் அதற்குப் பயன்பட வேண்டாம். ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அதற்குப் பதிலாக ஆகஸ்டில், உத்தரவாத விண்ணப்பம் தொடங்குவதற்கு முன், ஒரு சனிக்கிழமை மதியம் தமிழ்ப் பள்ளி வகுப்பறைகளில் ஒன்றைத் தாருங்கள். பக்கத்துக் காலேஜ்களின் டிரான்ஸ்ஃபர் மையத்துக்கு எழுதி ஒரு கவுன்சிலரை அழைக்கிறேன். ஏற்கெனவே டிரான்ஸ்ஃபர் ஆன பிள்ளைகள் சிலர் வந்து அசிஸ்ட் பட்டியலைப் படிப்பது எப்படி என்று காட்டச் சம்மதித்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. அன்றைக்குக் காபியும் சுண்டலும் என் பொறுப்பு.

உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, முடிவை எல்லா உறுப்பினர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பாராட்டுப் பெறுவோர் பட்டியல் அச்சுக்குப் போவதற்கு முன்பே அந்தப் பதில் வர வேண்டும்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர், தமிழ்ப் பள்ளி ஆசிரியை, ஒரு கம்யூனிட்டி காலேஜ் மாணவனின் தாய்